சமோசாவுக்கு முதல் போடுவது யார்?

சென்னை மண்ணடிப் பக்கம் டீக்கடைகளில் சாயங்காலம் நாம் சாப்பிடுகிற வெங்காய சமோசாவில் நிறைய ஏதோ ஒரு வீட்டில் மடித்ததாகத்தான் இருக்கும். பட்டியை (மெல்லிசா தேய்த்த மைதா மாவுத் துண்டை) முக்கோணமாக மடித்து, ஓரத்தில் மைதாப் பசை தடவி, தட்டுத் தட்டாகக் கடைக்கு அனுப்புவார்கள். விற்காதது ராத்திரி திரும்பி வரும், அந்த நஷ்டம் மடித்தவர் தலையில்.

இந்தத் தொழிலில் லாபமே இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லாபம் இருக்கிறது, தண்டலுக்கு, அதாவது தினம் வசூலிக்கிற வட்டிக் கடனுக்குப் போகிறது. கையில் 9,000 கொடுத்துவிட்டு, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் வாங்குவார்கள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும், ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறதே, அதையும் சேர்த்து வருஷக் கணக்கில் பார்த்தால் வட்டி 80 சதவீதத்துக்குப் பக்கம் வந்து நிற்கும்.

சரி, வட்டி ஹராம், அதாவது தடுக்கப்பட்டது (குர்ஆன் 2:275), அது எல்லாருக்கும் தெரியும். மாற்றாக இஸ்லாமிய மார்க்கத்தில் முளாரபா என்ற பங்கு முறை இருக்கிறது. முதல் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, லாபம் பேசிவைத்த பங்குப்படி. நஷ்டம் வந்தால், உழைத்தவரின் அலட்சியமோ மோசடியோ இல்லாதவரை, பணம் போட்டவருக்குப் பணம் போச்சு, உழைத்தவருக்கு உழைப்பு போச்சு. நம்ம ஆட்கள் இதைப் பேசிவிட்டு, கடைசியில் "மாசம் ரெண்டாயிரம் தந்துடு, மிச்சம் உனக்கு" என்பார்கள். அதற்குப் பெயர் பங்கு இல்லை, தொப்பி போட்ட வட்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோதும் அந்த ரெண்டாயிரம் வந்தாக வேண்டும் என்றால் அப்புறம் தண்டல்காரர் என்ன பாவம் செய்தார்?

மடிக்கிறவர்கள் பக்கமும் கோளாறு இல்லாமல் இல்லை. கணக்கெல்லாம் மனசுக்குள்ளேதான். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் (2:282) கடனை எழுதி வைக்கச் சொல்கிறது. மைதா, எண்ணெய், சிலிண்டர், திரும்பி வந்த உருப்படி எல்லாம் நோட்டில் ஏறாமல் எந்தப் பங்காளி வருவார்? திரும்பி வந்ததை மறுநாள் எண்ணெயில் போட்டுப் புதுசோடு கலக்கிறவர்களும் உண்டு. நனைந்த தானியத்தை அடியில் வைத்து விற்றவரை நபியவர்கள் (ஸல்) கண்டித்த ஹதீஸ் இதற்கும்தான்.

ஜகாத் (வசதியுள்ளவர் கொடுத்தாக வேண்டிய தர்மம்) 2.5 சதவீதத்தை ரமலானில் ஐந்நூறு, ஆயிரமாக ஆளாளுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். நாலைந்து வீட்டு ஜகாத்தைச் சேர்த்து, தகுதியுள்ள ஒரே குடும்பத்துக்கு அடுப்பு, கடாய், ஒரு மாத மைதா என்று கொடுத்தால் தண்டல் பக்கமே போக வேண்டியதில்லை. மஹல்லாவில் (பள்ளிவாசல் வட்டாரத்தில்) இதை இப்போதே பேச வேண்டும், ரமலான் பிறை பார்த்த பிறகு எல்லாருக்கும் நோன்புக் கஞ்சி வேலை வந்துவிடும்.