வாரிசுச் சான்றிதழின் நான்காவது பெயர்

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து, இருவர் பெயரிலும் வாங்கிய வீடு. அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். வங்கியில் இருந்த ஜாயின்ட் கணக்கு ஒரே வாரத்தில் அம்மா பெயருக்கு வந்துவிட்டதால், வீடும் அப்படித்தான் என்று ஆறு வருஷம் நிம்மதியாக இருந்தோம்.

விற்கப் போனபோதுதான் விவகாரம். வாங்குபவரின் வக்கீல் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, "பாட்டி எங்கே?" என்றார்.

பாட்டி இறந்து நாலு வருஷம் ஆகிறது. அதாவது, அப்பா இறந்தபோது உயிரோடு இருந்தார். அங்கேதான் சிக்கல். அப்பாவின் பாதி தானாக அம்மாவுக்குப் போகாது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், பெற்ற தாய் எல்லோருக்கும் சம பங்கு. அம்மா, நான், தங்கை, பாட்டி என நாலு பேர்; வீட்டில் ஆளுக்கு எட்டில் ஒன்று. பாட்டியின் பங்கு அவர் பிள்ளைகளுக்கு, அதாவது இரண்டு அத்தைகள், சித்தப்பா, அப்பாவின் இடத்தில் நானும் தங்கையும். வக்கீல் உறையின் பின்புறத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்: அத்தைக்கு முப்பத்திரண்டில் ஒன்று. எனக்குத் தலை சுற்றியது.

எரிச்சல் என்னவென்றால், அப்பாவின் வாரிசுச் சான்றிதழில் நான்காவது பெயராகப் பாட்டி இருந்தார். பீரோவிலேயே கிடந்த காகிதம். பாட்டி இருக்கும்போதே, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

அப்புறம் பாட்டிக்குத் தனியாக வாரிசுச் சான்றிதழ் வாங்க அலைந்தேன். எங்கள் தாலுகா அலுவலகத்தில் போட்ட மனு மூன்று வாரம் தூங்கியது. போய்க் கேட்டால், அங்கிருந்த எழுத்தர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "அவங்க கடைசியா இருந்த ஊர்ல போடணும், சார்" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். சித்தப்பா ஊரில் போட்டால், அதுவும் திரும்பி வந்தது. உயிரோடு இருக்கும் மூன்று பிள்ளைகளை மட்டும் எழுதியிருந்தோம். முன்பே இறந்த மகனையும் அவர் பிள்ளைகளையும் கட்டாயம் காட்ட வேண்டும், மறக்காதீர்கள்.

அடுத்தது, அத்தைகளும் சித்தப்பாவும் தங்கள் பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பெரிய அத்தை, "அண்ணன் வீட்டுல எனக்கு எதுக்குடா பங்கு" என்று உடனே ஒப்புக்கொண்டார். அவர் மகன்தான், "மதிப்பு எவ்வளவு வரும், மச்சான்?" என்று இரண்டு தடவை கேட்டான். சித்தப்பாவுக்கு ஆதாரில் ஒரு இனிஷியல், சான்றிதழில் இன்னொன்று. அதைத் திருத்தாமல் போனதால் மூன்று பேரையும் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போன ஒரு நாள் வீண். பதிவுக்கு முன் எல்லாருடைய பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுவிடுங்கள். இன்னொன்று, குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்குக் கட்டணச் சலுகை உண்டு. உங்கள் உறவு அந்த வரையறைக்குள் வருகிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

இரண்டாவது நாள் எல்லாம் சரி, பெரிய அத்தையின் கட்டைவிரல் ரேகைதான் விழவில்லை. புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்தார். ஐந்தாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பதிவான பத்திரத்தை வக்கீலிடம் நீட்டினேன். படித்து முடித்து, "ரொம்ப சரி" என்றார். "பாட்டிக்கு அவங்க கணவரும் வாரிசு இல்லையா? தாத்தாவோட இறப்புச் சான்றிதழ் மட்டும் குடுத்துடுங்க."

தாத்தா இறந்தது 1974இல். தேடிக்கொண்டிருக்கிறேன்.