மூச்சுக்கு ஏறிய எண்

வெப்பநிலை காட்டும் சென்சாருக்கு நேராக ஒரு சிறுமி வாயைத் திறந்து ‘ஹா’ என்று மூச்சு விட்டாள். திரையில் 31 இருந்தது 33 ஆனது.

“அக்கா, என் மூச்சு சூடுக்கா!”

மேலூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. சென்சாரை இணைத்து இயக்கும் சின்னக் கணினிப் பலகையான அர்டுயினோ போர்டு ஒன்றே ஒன்று, அதைச் சுற்றி முட்டிமோதும் தலைகள்.

ஆசாதிசாட் என்ற செயற்கைக்கோளின் கதையைச் சொன்னேன். நாடு முழுக்க அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேரின் உழைப்பு, நம்ம திருமங்கலம் பிள்ளைகளும் அதில் உண்டு. 2022 ஆகஸ்டில் போன முதல் செயற்கைக்கோள் சரியான சுற்றுப்பாதைக்குப் போகவில்லை. விடவில்லையே! 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது போய்ச் சேர்ந்தது.

“திருமங்கலமா? எங்க சித்தி ஊருக்கா!”

சித்தி ஊர்ப் பிள்ளைகள் செய்ததென்றால் இவளுக்கும் எட்டும் தூரம்தானே.

ஆசிரியர்களே, தயவுசெய்து இந்த அர்டுயினோ பெட்டியைப் பீரோவில் பூட்டாதீர்கள். வயர் பிய்ந்தால் பிய்யட்டும். சனிக்கிழமையும் திறந்து வையுங்கள், கூட உட்கார நான் வருகிறேன்.