கலங்கல் தெளிவதற்குள்

3 அக்டோபர்

ஏரித் தண்ணீரின் தெளிவை அளக்க இறக்கிய தட்டு 12 செ.மீ. ஆழத்திலேயே மறைந்துவிட்டது. கால்வாயில் வரும் தண்ணீர் இன்னும் செம்மண்ணாகவே இறங்குகிறது.

4 அக்டோபர்

எங்கே அறுபடும்?

தூண்டில் நரம்பு எங்குமே அறுபடாது என்ற நம்பிக்கையோடு ஏரிக்கு மீன் பிடிக்கப் போகக் கூடாது. அடியில் முங்கிக் கிடக்கும் மரம் இருக்கிறது, பாறை விளிம்பு இருக்கிறது, பெரிய கெண்டை ஒன்று வேருக்குள் நுழைந்தால் எந்த நரம்பும் அறுபடும். அறுபடும் இடம் முள்ளுக்கு அருகில் இருந்தால் மீன் ஒரு முள்ளோடு தப்பிவிடும். மேலே அறுந்தால் ஒன்றரை மீட்டர் லீடரையும் (முக்கிய நரம்பின் நுனியில் சேர்க்கும் துண்டு நரம்பு) ஈயக்குண்டையும் இழுத்துக்கொண்டே போகும். ஏதாவது கிளையில் சுற்றிக்கொண்டு அங்கேயே சாகும். மீனைப் பிடித்து மறுபடி தண்ணீரில் விட வருகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

இப்போதைய வரிசை: 20 பவுண்ட் இழுவை தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு), அதில் 12 பவுண்ட் தங்கூசி (ஒற்றை இழை நைலான்) லீடர், கடைசியில் முள்ளைக் கட்டும் ஒரு சாண் முள் நரம்பு. முள் நரம்பு 8 பவுண்டா 10 பவுண்டா என்பது முடிவாகவில்லை.

5 அக்டோபர்

14 செ.மீ. தண்ணீர் 27 டிகிரி.

6 அக்டோபர்

ரீலின் ஸ்பூலில் நரம்பு ஏற்றும் வேலை. பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேராகக் கட்டினால் முழுச் சுற்றும் சேர்ந்து அச்சில் வழுக்கும். ட்ராக் (மீன் இழுக்கும்போது நரம்பைப் பிடித்துப் பிடித்து விடும் ரீலின் பிரேக்) எவ்வளவு இறுக்கினாலும் நரம்பு போய்க்கொண்டே இருக்கும், ட்ராக் கெட்டுவிட்டது என்று தோன்றும். அடியில் ஐந்தாறு மீட்டர் தங்கூசி சுற்றி அதன் மேல் பிரெய்டைக் கட்டினால் பிடித்துக்கொள்ளும்.

கடையில் வந்த உருளையைத் தரையில் படுக்க வைத்து, நரம்பு அதிலிருந்து கழன்று வரும் சுழற்சியும் ரீல் சுற்றும் சுழற்சியும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து சுற்று ஏற்றிவிட்டு நரம்பைத் தொய்ய விட்டால் தெரிந்துவிடும்: தானாக முறுக்கிக்கொண்டால் உருளையைத் திருப்பிப் போட வேண்டும். இந்த முறுக்கு தங்கூசியில்தான் அதிகம் படுத்தும். பிரெய்டில் வேறு தொல்லை, தளர்வாக ஏறினால் மேல் சுற்று கீழ் சுற்றுக்குள் புதைந்து வீச்சின் நடுவில் சிக்கும். ஈரத்துணியை இரண்டு விரலில் பிடித்து அதன் வழியாக இழுத்து ஏற்றினால் இறுக்கமாக உட்காரும்.

விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்தியாயிற்று. அதற்கு மேல் போனால் வீசும்போது கொத்தாகக் கழன்று முடிச்சாகும்; 5 மி.மீ. கீழே நின்றால் நரம்பு விளிம்பில் உரசி வீச்சு குறையும்.

7 அக்டோபர்

கம்பில் நரம்பு ஓடும் வளையங்களில், நுனி வளையத்தில் ஏதோ உரசுகிறது. கை வைத்தால் வழவழப்பு. ஆனாலும் உரசுகிறது.

8 அக்டோபர்

வளையத்தைப் பஞ்சு வைத்துப் பார்க்க வேண்டும், விரல் ஏமாற்றும். பஞ்சுத் திரியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுழற்றினால் பீங்கான் உள்வளையத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் இழை மாட்டிக்கொள்ளும். கீழ் வளையங்களில் ஒன்றும் இல்லை. நுனியில் பஞ்சு பிய்ந்தது.

இந்த விரிசல் கம்பைத் தரையில் சாய்த்து வைப்பதாலோ, வண்டியில் முட்டுவதாலோ வரும். கண்ணுக்குத் தெரியாது, பிரெய்டை மட்டும் ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். அப்புறம் மீன் இழுக்கும்போது நடு நரம்பில் அறுந்தால் முடிச்சைக் குறை சொல்வார்கள்.

மாற்றுவது பெரிய வேலையில்லை. நுனி வளையத்தின் குழாயை லைட்டர் தீயில் இரண்டு மூன்று விநாடி காட்டி, எடுத்து, குறடால் நேராக இழுக்க வேண்டும். திருகக் கூடாது, கார்பன் நார் பிளந்துவிடும். கம்பைத் தீயில் காட்டவே கூடாது, பிசின் கருகிவிடும். புது வளையத்தின் குழாய் அளவு அங்குலத்தில் 64-ல் ஒரு பங்குக் கணக்கு: 5 என்றால் 64-ல் 5 பங்கு, ஏறக்குறைய 2 மி.மீ. ஒட்டுவதற்கு உருக்குப் பசைக் குச்சி போதும். எபாக்ஸி போட்டால் அடுத்த முறை கழற்ற முடியாது. பசை சூடாக இருக்கும்போதே மற்ற வளையங்களோடு ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துத் திருத்திவிட வேண்டும்.

பிரெய்டின் முதல் ஐந்து மீட்டரை வெட்டிப் போட்டாயிற்று. மேல்நார் பஞ்சடித்திருந்தது.

9 அக்டோபர்

19 செ.மீ.! மழை இல்லை, காற்றும் இல்லை. இப்படியே விட்டால் போதும்.

11 அக்டோபர்

இரவு மழை. 13 செ.மீ. எல்லாம் போச்சு.

12 அக்டோபர்

கறுப்பு வெள்ளைத் தட்டு. 20 செ.மீ. அகலம், நான்கு கால்பங்கில் இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளை. 1865-ல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் முழு வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்தது. கறுப்பு பிற்பாடு வந்தது. கயிற்றில் கட்டி, நிழல் விழும் பக்கமாக இறக்கி, மறையும் ஆழத்தையும் தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். நடுப்பகலில் எடுத்தால்தான் ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிட முடியும்.

கலங்கலில் கெண்டை தின்னாமல் இல்லை. மோப்பமும் வாய் மீசையும் வைத்தே இரை தேடும். ஆனால் கரையும் மண்ணோடு இலையும் குப்பையும் வந்து நரம்பில் தொங்கும், ஈயம் நகரும், இரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. 30 செ.மீ. ஆகட்டும்.

13 அக்டோபர்

முள் நரம்பு 8 பவுண்ட் போட்டால் என்ன? கணக்குப் பார்த்தால் பாதுகாப்பு. முள் பக்கம்தான் முதலில் அறுபடும், சந்தேகமே இல்லை. ஆனால் ட்ராக்கை அதற்கேற்பத் தளர்த்த வேண்டியிருக்கும், அப்போது பத்து நிமிடத்தில் கரைக்கு வர வேண்டிய மீன் இருபத்தைந்து நிமிடம் ஓடும். ஓட ஓடத் தசையில் லாக்டிக் அமிலம் சேரும். விட்ட பிறகு நீந்திப் போவதைப் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது. அளவுக்கு மீறிக் களைத்த மீன் மணிக்கணக்கில் கழித்தும் சாகலாம். மெல்லிய நரம்பு மீனுக்கு நல்லது என்று சொல்வதை முழுக்க ஏற்க முடியவில்லை.

14 அக்டோபர்

16 செ.மீ.

15 அக்டோபர்

இன்று முழுக்க இழுத்துப் பார்க்கும் வேலை. 10 கிலோ ஸ்பிரிங் தராசு, கண்ணாடி, கையுறை. முள்ளை மரக்கட்டையில் ஊன்றி, மறுமுனையை ஒரு கட்டையில் பத்துச் சுற்று சுற்றி இழுத்தது. கையில் சுற்றினால் பிரெய்டு தோலை வெட்டிவிடும். எல்லா முடிச்சும் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறிய பிறகே. நைலான் தண்ணீரை உறிஞ்சும், ஊறினால் பலம் குறையும். காய்ந்த முடிச்சை இழுத்துப் பார்த்து வரும் எண் ஏரியில் உதவாது.

பிரெய்டையும் லீடரையும் சேர்க்கும் இரட்டை யூனி முடிச்சு, பிரெய்டு பக்கம் 8 சுற்று, லீடர் பக்கம் 5: 4.0 கிலோவில் லீடர் பக்கம் அறுந்தது. 12 பவுண்ட் என்றால் 5.4 கிலோ. 10 பவுண்ட் முள் நரம்பு, அதாவது 4.5 கிலோ, முள் முடிச்சில் 3.9 கிலோ.

4.0-க்கும் 3.9-க்கும் இடையில் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. லீடரில் கல் பட்டு ஒரு கீறல் விழுந்தால் வரிசை தலைகீழ்.

16 அக்டோபர்

22 செ.மீ. காற்று கிழக்கிலிருந்து.

17 அக்டோபர்

ஈயம். ஓடும் ஈயமாகப் போட்டாலும் அது லீடரிலேயே நேராகக் கோத்திருக்கக் கூடாது. லீடரில் ஒரு ஸ்விவல் (சுழலும் உலோக இணைப்பு) ஓடட்டும், அதிலிருந்து ஐந்து செ.மீ. தனி நரம்பில் ஈயம் தொங்கட்டும், அந்தத் துண்டு நரம்பு எல்லாவற்றையும் விட மெலிசாக இருக்கட்டும். ஈயம் பாறையிடுக்கில் மாட்டினால் அது மட்டும் போகும்; மீனும் கிடைக்கும், மீதி நரம்பும் கிடைக்கும். 4 பவுண்ட் போதும் என்று தோன்றும், போதாது. வீசும் வேகத்தில் 40 கிராம் ஈயம் தன் எடையைப் போலப் பல மடங்கு இழுக்கும். இணைப்பு அறுந்தால் ஈயம் தனியாகப் பறக்கும், எதிரே ஆள் இருந்தால் உயிர்ச்சேதம். 6 பவுண்ட் போட்டு, கம்பைச் சடாரென்று உதறாமல் தோளிலிருந்து நிதானமாக வீச வேண்டும்.

ஈயம் ஏரியில் தங்குவதும் உறுத்துகிறது. இங்கிலாந்தில் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரை உள்ள ஈயக்குண்டுகளுக்கு 1987-லேயே தடை போட்டார்கள், அன்னங்கள் அவற்றைக் கல்லென்று விழுங்கி நஞ்சேறிச் செத்ததால். இரும்பு போட்டால் அதே எடைக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாக இருக்கும், காற்றில் கொஞ்சம் தடுமாறும். தூரம் தேவைப்படாத இடத்தில் துளையுள்ள கூழாங்கல்லே போதுமே. கால்வாய் வாய்க்கு இருபது மீட்டர்கூட இல்லை. கல்தான்.

18 அக்டோபர்

பிரெய்டையும் லீடரையும் சேர்க்க யூனிக்குப் பதிலாக எஃப்ஜி முடிச்சு. பிரெய்டை விறைப்பாக இழுத்துக் கட்டி, லீடரை அதன் மேல் ஒரு முறை, கீழ் ஒரு முறை என்று மாற்றி மாற்றி 20 பின்னல். ஒவ்வொன்றும் முந்தையதை ஒட்டி உட்கார வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் அவிழ்த்துவிட்டு மறுபடி. இரண்டு அரை முடிச்சால் பூட்டி, நனைத்து, இரண்டு பக்கமும் பலமாக இழுத்தால் பிரெய்டு லீடரைக் கடித்து நிறம் ஒரு சாயல் கறுக்கும். கறுக்கவில்லை என்றால் கடிக்கவில்லை. வீச்சின் நடுவில் உருவிக்கொண்டு போகும். பிறகுதான் லீடர் நுனியை ஒட்ட வெட்டி, மேலே ஐந்தாறு அரை முடிச்சு.

இதில் லீடர் வளைந்து முடிச்சாவதே இல்லை, நேராகவே கிடக்கிறது. யூனியில் தங்கூசி தன்னைத் தானே நெரித்துக்கொள்ளும் இடத்தில்தான் அறுந்தது.

5.1 கிலோ! மறுபடி கட்டி: 5.0. இப்போது முள் நரம்பு 10 பவுண்டே இருக்கலாம். 3.9-ல் முள் முடிச்சு, 5-ல் சேர்ப்பு, அதற்கும் மேலே பிரெய்டு. ஈயத்தின் இணைப்பு முடிச்சோடு 2.3. இதுதான் வேண்டிய வரிசை.

19 அக்டோபர்

26 செ.மீ. தண்ணீர் 25 டிகிரி.

20 அக்டோபர்

ட்ராக். 3.9 கிலோவில் கால் பங்குக்குச் சற்றுக் கூட, 1.1 கிலோ. ரீலிலிருந்து நேராக இழுத்து அளக்கக் கூடாது. நரம்பு எல்லா வளையங்களிலும் ஓடி, கம்பு 45 டிகிரியில் வளைந்து நிற்க, அந்த முனையில் தராசு. வளைய உராய்வும் சேர்ந்த எண்தான் மீனுக்குத் தெரியும் எண்.

இன்னொன்றும் உண்டு. நரம்பு ஓட ஓட ஸ்பூலின் சுற்று சிறுத்து, அதே ட்ராக் கூடுதலாக இழுக்கும். 45 மி.மீ. விட்டம் 36 ஆனால் கால் பங்கு கூடும்: 1.1 கிலோ ஏறக்குறைய 1.4 ஆகிவிடும். தூரம் போய்விட்ட மீனுக்கு ட்ராக்கை இறுக்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே தளர்த்தத்தான் வேண்டும்.

முதல் இழுப்பில் ஒரு குலுக்கல் தெரிகிறது. ட்ராக்குக்குள் இருக்கும் ஃபெல்ட் வாஷர் அழுந்திக் காய்ந்திருக்கிறது. கழற்றி, ட்ராக் கிரீஸ் மெலிசாகத் தடவி, வரிசை மாறாமல் அடுக்கியதும் சீராக ஓடுகிறது. பயணம் முடிந்து வீட்டில் வைக்கும்போது ட்ராக் குமிழை முழுதும் தளர்த்தி வைத்தால் ஃபெல்ட் இப்படி அழுந்தாது.

21 அக்டோபர்

மனசு ஓடவில்லை. எல்லாம் தயாராக இருக்கிறது, தண்ணீர்தான் தெளியவில்லை. தூறல்.

22 அக்டோபர்

6 எண் முள். எதிர்முள்ளைக் (நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டும் சிறுமுள்) குறடால் அழுத்திச் சப்பையாக்கும்போது குறடு முள்ளின் நீளவாக்கில் நிற்க வேண்டும். குறுக்கே பிடித்து நெரித்தால் கார்பன் எஃகு நுனியோடு ஒடியும், துண்டு கண்ணைத் தேடி வரும். நகத்தில் லேசாக இழுத்தால் கீறிக்கொண்டு நிற்க வேண்டும். வழுக்கினால் அந்த முள் வேண்டாம்.

இரை முள்ளில் குத்தாமல் தனி இழையில் தொங்க, முடிச்சில்லாக் கட்டு: நுனியில் இரைக்கான கண்ணி போட்டு, முள்ளின் வளைவைத் தாண்டி எவ்வளவு இழை தொங்க வேண்டுமோ அதை அளந்துவிட்டு, நரம்பை முள்ளின் காதுத் துளைக்குப் பின்பக்கமாக நுழைத்து, தண்டோடு சேர்த்து 8 சுற்று, திரும்பவும் பின்பக்கமிருந்தே காதுக்குள். முன்பக்கமிருந்து நுழைத்தால் முள் திரும்பாமல் வாயிலிருந்து வெளியே வழுக்கும். வளைவுக்கும் இரைக்கும் இடையில் 7 மி.மீ.

இரை இரண்டு மக்காச்சோளம். காய்ந்த சோளத்தை 24 மணி நேரம் ஊற வைத்து அரை மணி நேரம் கொதிக்க வைக்காமல் ஏரியில் போடக் கூடாது, மீன் வயிற்றில் போய் ஊறும்.

23 அக்டோபர்

31 செ.மீ.!!

நாளை விடியலா, எட்டு மணிக்கா? விடியல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பாசியும் களையும் நிறைந்த பக்கத்தில் விடியலில்தான் பிராணவாயு மிகக் குறைவு, இரவு முழுக்க செடியும் மூச்சு விடுகிறதே. தண்ணீர் 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் வரை தாங்கும், 30 டிகிரியில் 7.6 தான். கால்வாய் வாயில் மட்டும் அந்தக் கவலை இல்லை, விழுகிற தண்ணீர் காற்றைக் கலந்துகொண்டே வருகிறது. ஏரியை விடக் குளிர்ந்திருப்பதால் அடியில் தாழ்ந்து போகிறது. கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டில், தெளிவுப் பக்கம் ஓரடி தள்ளி, அடியில். விடியலிலேயே.

வலை ரப்பர் பூசியது. மீனைக் கிடத்தும் விரிப்பை நனைத்து விரிக்க வேண்டும், கையும் நனைய வேண்டும், காய்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும். முள்ளைக் கழற்றும் நீண்ட ஃபோர்செப்ஸ் சட்டைப் பையில், பெட்டிக்குள் இல்லை. முள் தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாமல் நரம்பை முள்ளோடு ஒட்ட வெட்டிவிடுவது.

24 அக்டோபர், அதிகாலை

கிளம்பும் முன் சேர்ப்பு முடிச்சை விரலால் தடவியாயிற்று, பின்னல் நகரவில்லை. பிரெய்டு முதல் மீட்டரும் சரி.

வடக்கு மதகுப் பக்கம் நின்றால் கால்வாய் வாய் நேராகக் கிடைக்கும். ஆனால் அங்கே தலைக்கு மேல் மின்கம்பி போகிறது. கார்பன் கம்பு மின்சாரம் கடத்தும், தொடக்கூட வேண்டாம், கிட்டப் போனாலே பாயும். மேற்கிலிருந்து குறுக்காக வீசுவதுதான். தூரம் முப்பத்தைந்து மீட்டராகும், அதனால் கூழாங்கல் போதாது, 40 கிராம் இரும்புக் குண்டு எடுத்தாக வேண்டும். இணைப்பு அதே 6 பவுண்ட்.