இடுப்பளவு தண்ணீர்

மார்ச் 3
நாலரைக்கே விழிப்பு. பட்டாளத்தை விட்டு ஒன்பது வருஷம், இன்னும் விசில் சத்தத்துக்குக் காது நீள்கிறது. அப்புறம்தான் ஜெபம்.

மார்ச் 5
பெரியவர் கேட்டேவிட்டார்: "எனக்கு எப்போ முழுக்கு, பாஸ்டரையா?" தண்ணீரில் முழுக அமிழ்த்திக் கொடுக்கிற ஞானஸ்நானத்தைக் கேட்கிறார். மூன்று வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். ஆற்றில் தண்ணீர் போதாது, மழை வரட்டும் என்றேன்.

தண்ணீர் இருக்கிறது. இடுப்பளவு.

மார்ச் 6
மழை இல்லை. நல்லது.

மார்ச் 9
மிஷனரி வில்லியம் கேரி வங்காளத்தில் வந்து இறங்கியது 1793. முதல் ஆளாகக் கிருஷ்ண பாலை ஹூக்ளி ஆற்றில் இறக்கி ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பர் கடைசியில். செருப்புத் தைத்த மனுஷன் கேரிக்கு ஏழு வருஷப் பொறுமை. ஓங்கோல் மிஷனரி கிளவ் ஊழியத்திலோ 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர். எனக்கு ஒரே ஒருவர். அவருக்கே கை வரமாட்டேன் என்கிறது.

மார்ச் 10
தலையில் தண்ணீர் தெளித்தால் போதும் என்கிற சபையில் சேர்ந்திருக்கலாம். (கோபத்தில் எழுதுகிறேன்.) அமெரிக்க மிஷனரி ஜட்சனும் தெளிப்புக்காரராகத்தான் கப்பல் ஏறினார். வழியெல்லாம் வேதத்தைத் துருவித் துருவிப் பார்த்து, 1812-ல் கல்கத்தாவில் தண்ணீரில் இறங்கி, அனுப்பிய சங்கத்தையும் விட்டார். சரி, எனக்கும் தெரியும். அமிழ்த்துவது அடக்கம், தூக்குவது உயிர்த்தெழுதல். வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்தது. அமிழ்த்துகிற கை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மார்ச் 12
ராத்திரி மறுபடியும் அந்த ஆறு. கயிறு. அவன் தலை. நான்தான் தூக்கினேன் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. எவ்வளவு நேரம் கழித்து என்று இல்லை.

மார்ச் 13
பென்ஷன் வந்தது.

மார்ச் 15
லூக்கா சுவிசேஷம், மூன்றாம் அதிகாரம். போர்ச்சேவகர்கள் ஞானஸ்நானம் கொடுக்கிற யோவானிடம் வந்து நாங்கள் என்ன செய்யவேண்டும் என்கிறார்கள். வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை. இடுக்கண் செய்யாதே, சம்பளம் போதும் என்று இரு, அவ்வளவுதான். அவர்கள் முழுக்கு வாங்க வந்தவர்கள். கொடுக்க நிற்கிற சேவகனுக்கு அங்கே ஒரு வரி இல்லை.

மார்ச் 17
மழை. மூத்த பாஸ்டருக்குப் போன் போட்டேன். "ஒரு கை முதுகுக்குக் கீழே கொடு தம்பி, மூக்கை அவரே பொத்திக்குவார். எண்ணினா ஒரு விநாடி." நான் எண்ணிப் பார்த்தவன் என்று அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 18
தலையணையை வைத்துப் பழகினேன். மனைவி பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. விளக்கை மட்டும் அணைக்காமல் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 20
ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டேன். மாற்றுச் சட்டை கொண்டு வரணுமா என்று கேட்டார் பெரியவர். அவருக்கு நீச்சல் தெரியாதாம்.