யாராச்சும் விட்டுப்போச்சா?

மார்ச் 3

ஐ.சி.யு.வில் அப்பா. பார்க்க இன்றும் உள்ளே விடவில்லை.

மார்ச் 4

ஐந்து நிமிஷம் பார்த்தேன். போர்வைக்கு வெளியே வலது கால் தெரிந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. இழுத்து மூடினேன்.

வெளியே வந்து அவருடைய ஊர்ப்பெயர் நோட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கம் முழுக்க வடக்கு வஸீரிஸ்தான், பாகிஸ்தானில் ஆப்கன் எல்லையோர மாவட்டம். ‘ஜை: மக்கள், வழிவந்தவர். கேல்: கால்வழி. உத்மான்ஜை, தத்தா கேல்.’ அதற்குக் கீழே பென்சிலில் 3,61,246 (1998). பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. எதற்குப் போட்டார்?

மார்ச் 6

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கூடியிருக்கிறது. சித்தி போனில் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

மார்ச் 7

ராத்திரி முழுக்க அந்த இரும்புச்சட்டிதான் நினைப்பு.

வஸீர் என்ற மூதாதையின் பெயரால் வஸீரிஸ்தான். வஸீருக்கும் மேலே கர்லாண். அந்தப் பக்கத்து மக்களான பஷ்தூன்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது: படை ஒன்று முகாமைக் கலைத்துக்கொண்டு கிளம்பிப்போன இடத்துக்கு ஓர்மர் குலத்தார் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவருக்குக் கிடைத்தது இரும்புச்சட்டி. மற்றவருக்குக் கிடைத்தது கைக்குழந்தை. சட்டி கிடைத்தவர் அதைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்கிறார். சட்டிக்கு மாற்றாக வந்த பிள்ளைக்குச் சட்டியின் பெயரே நிலைத்துவிட்டது, அவர்தான் கர்லாண். நம் அடுப்பில் இருக்கும் கடாயும் அந்தச் சொல்லுக்கு உறவுதான்.

வஸீர், மெஹ்சூத், ஆஃப்ரிதி, கட்டக், இத்தனை குலங்களும் கர்லாண் வழி. யாரோ விட்டுவிட்டுப் போன பிள்ளை. அழுதிருக்கும். அந்த அழுகையைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

மார்ச் 8

அப்பா பேசினார்!

“எல்லாரையும் எழுதியாச்சா? யாராச்சும் விட்டுப்போச்சா?”

நர்ஸ் என்னைப் பார்த்தார். சென்சஸ் ட்யூட்டி நினைப்பு. 2001 பிப்ரவரி 28 ராத்திரி, வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்கும் ராத்திரி, டார்ச்சை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். படுத்திருந்தவர்கள் முகத்தில் வெளிச்சம் அடிக்கமாட்டார். டார்ச்சைத் தரையில் வைத்துவிட்டு, பக்கத்தில் குத்தவைத்து, “ஐயா, பேரச் சொல்லுங்க” என்பார்.

“எழுதியாச்சுப்பா” என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

மார்ச் 9

மறுபடி பேச்சில்லை.

மார்ச் 10

கேள்விக்குறி இதற்குத்தான் என்று நினைக்கிறேன். 1998-ல் 3.61 லட்சம் பேர். 2014 ஜூன் 15-ல் ராணுவ நடவடிக்கை தொடங்கியதும் சனங்கள் மூட்டை முடிச்சோடு பக்கத்து மாவட்டமான பன்னூவுக்கு இறங்கினார்கள். இடம்பெயர்ந்தோர் பதிவேடு பத்து லட்சத்தை நெருங்கியது. இரட்டைப் பதிவுகளைப் பிறகு கழித்தார்கள். 2017 சென்சஸில் 5.4 லட்சம், அப்போதும் எல்லோரும் வீடு திரும்பியிருக்கவில்லை. 2023-ல் 6.9 லட்சம்.

அப்பா இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, “அன்னைக்கு ராத்திரி அவங்க எங்க படுத்திருந்தாங்க?” என்றுதான் கேட்பார். கொஞ்சம் பேர் எல்லை தாண்டி ஆப்கானிஸ்தானின் ஹோஸ்ட் மாகாணத்துக்குப் போனார்கள். அங்கே குலான் முகாம் இருப்பது குர்புஸ் மாவட்டத்தில். குர்புஸும் குலப்பெயர்தான், வஸீர் வம்சத்தின் ஒரு கிளை என்கிறார்கள். பங்காளி பெயர் வைத்த ஊரில் போய்க் கூடாரம் போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 11

டயாலிசிஸ் நாலு மணி நேரம்.

மார்ச் 12

தாவர்! தோச்சி ஆற்றங்கரையில், மீரான்ஷாவைச் சுற்றியும் மீர் அலியைச் சுற்றியும், நல்ல வயல்களை வைத்திருப்பவர்கள் தாவர் குலம். வஸீர் இல்லை. மாவட்டத்தின் பெரிய ஊர்களே அவர்கள் பக்கம்தான், மாவட்டத்தின் பெயரில் மட்டும் அவர்கள் இல்லை. நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். அதிலும் இல்லை.

எழுதியாச்சு என்று அவரிடம் சொல்லிவிட்டேனே.

மார்ச் 13

வார்டுக்கு மாற்றுவோம் என்றார்கள், மாற்றவில்லை. நோட்டில் அவர் எழுத்துக்குக் கீழே ‘தாவர், தோச்சிக் கரை’ என்று எழுதியிருக்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு உள்ளே விடுவார்கள். காட்டணும்.