சாஸ் பாட்டிலின் பின்பக்கம்

மார்ச் 4
சாஸ் தடவிய இறைச்சித் துண்டை நாய்க்குப் போடப் போனாள் தங்கை. "கொஞ்சம்தானே அக்கா, ஆசையாப் பார்க்குது." தடுத்துவிட்டு, சாஸ் படாத துண்டை எடுத்துக் கொடுத்தேன். ஏன் என்று அவளுக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

மார்ச் 5
சோயா சாஸில் பயப்பட வேண்டியது உப்புக்கு. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம், அதாவது 2 கிராமுக்கு மேல் உப்பு. நாயின் எடையில் கிலோவுக்கு 2 கிராம் உப்பு போனாலே நஞ்சாகத் தொடங்கும்; 4 கிராம் உயிரையே பறிக்கலாம். 5 கிலோ நாய் நாலைந்து மேசைக்கரண்டி குடித்தால் முதல் எல்லை வந்துவிடும். தட்டில் ஒட்டியதை நக்கினால் தாகம்தான் எடுக்கும், தண்ணீர் வைத்தால் போதும். கிண்ணத்தையே காலி செய்துவிட்டால் வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரை போகலாம்.

மார்ச் 7
உப்பைவிட எனக்குப் பெரிய கவலை வெங்காயமும் பூண்டும். கெட்சப், பார்பெக்யூ சாஸ், கிரேவி எதை எடுத்தாலும் பெரும்பாலும் பொடியாகக் கலந்திருக்கும். வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அந்த நஞ்சு போவதில்லை. நீர் வற்றிய பொடியில் செறிவு இன்னும் அதிகம். ரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் கொடுமை. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், நாய் சோர்ந்து படுக்கும், சிறுநீர் செம்பழுப்பாகப் போகும். "நேத்து தின்னுச்சு, இன்னிக்கு நல்லாத்தானே இருக்கு" என்ற பேச்சை நம்பவே கூடாது. தினமும் துளித்துளியாகக் கொடுத்தாலும் கேடு சேர்ந்துகொண்டே போகும். அகிட்டா, ஷிபா இனு நாய்களை இது எளிதில் தாக்கும்.

மார்ச் 8
கடுகு சாஸ், மிளகாய் சாஸ்: வயிற்றெரிச்சல், வாந்தி, பேதி. மயோனைஸ் முழுக்கக் கொழுப்பு. கணைய அழற்சி வந்த நாய்க்கு ஒரு கரண்டிகூட வேண்டாம்.

மார்ச் 11
'சர்க்கரை சேர்க்காதது' என்று போட்டிருந்தால் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கலாம்; பிர்ச் சர்க்கரை, ஈ967 என்றும் அச்சிட்டிருப்பார்கள். அது போனதும் நாயின் கணையம் இன்சுலினைக் கொட்டும், அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரியலாம். கிலோவுக்கு 0.1 கிராமே போதும். 0.5 கிராம் கல்லீரலைக் கெடுக்கலாம். இதில் காத்திருந்து பார்க்கும் பேச்சே இல்லை.

மார்ச் 12
"தெரியாம தின்னுட்டா உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?" என்றாள் தங்கை. கூடவே கூடாது, அந்த உப்பே நஞ்சாகிவிடும். உடனே கால்நடை மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும். நாயின் எடை, என்ன சாஸ், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொன்னால் அவர் கணக்குப் போட்டுவிடுவார். பாட்டிலைக் கையோடு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.