திண்ணைப் பீடியும் வயிற்றுக்குள் உருவாகும் பால்பல்லும்

குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது கீழ் ஈறைக் கீறிக்கொண்டு வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்க்கும். அந்தப் பல்லில் சுண்ணச்சத்து படியத் தொடங்கி அப்போதே ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருக்கும். பல் அரும்பு தோன்றுவது கருவின் ஆறாவது, ஏழாவது வாரத்தில். முன்பற்களில் சுண்ணச்சத்து படிவது 14ஆம் வாரம் வாக்கில் தொடங்கும். ஐந்தாம் மாதம் முடிவதற்குள் 20 பால்பற்களிலும் வேலை நடந்துகொண்டிருக்கும். பிறக்கும் நாளில் முன்பற்களின் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான வெளி ஓடு, பெரும்பாலும் முடிந்திருக்கும். கடைவாய்ப் பால்பற்கள் பாதியில் நிற்கும், அவை முழுதாக இன்னும் பல மாதங்கள் வேண்டும்.

எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமல் அப்படியல்ல. அதைச் செய்யும் செல்கள் பல் ஈறைவிட்டு வெளியே வரும்போது அழிந்துவிடுகின்றன. அதனால்தான் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் யார், எங்கே பீடி பற்றவைக்கிறார்கள் என்பதைப் பல் மருத்துவரும் கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்தவர் விடும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நஞ்சுக்கொடியையும் கடக்கும். தாய் ஏற்கெனவே ரத்தசோகையில் இருந்தால் கஷ்டம் இரட்டிப்பு. இப்படி ஆக்சிஜன் குறையும்போது குழந்தையின் எடை குறையலாம், மாதம் முந்தியும் பிறக்கலாம். எடை குறைவாகவோ மாதம் முந்தியோ பிறந்த குழந்தைகளின் பால்பற்களில் எனாமல் குறைபாடு அதிகம் காணப்படுகிறது. குழியும் பள்ளமும் விழுந்த அந்தப் பல்லில் பால் தங்கும், சொத்தை சீக்கிரம் பிடிக்கும். புகையிலிருந்து சொத்தைக்குப் போகும் ஒரு பாதை இது. உதடும் அண்ணமும் பிளந்து பிறப்பதற்கும் புகைக்கும் தொடர்பு உண்டு. உதடு கூடுவது ஏழாவது வாரத்துக்குள் முடிந்துவிடும், நாள் தள்ளிப்போனதைப் பல பெண்கள் அப்போதுதான் உறுதிசெய்கிறார்கள். ஆகவே குழந்தைக்கு ஆசைப்படும்போதே வீட்டுக்குள் பீடி நிற்க வேண்டும்.

பிறந்த பிறகும் ஆபத்து தொடர்கிறது. ஜப்பானின் கோபே நகரில் 2004 முதல் 2010 வரை பிறந்த 76,920 குழந்தைகளின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நாலு மாதக் குழந்தையின் முன்னாலேயே புகைத்த வீடுகளில், மூன்று வயதுக்குள் சொத்தை வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்குச் சற்று மேல் இருந்தது. புகைப்பவர் இருந்தும் குழந்தை முன்னால் புகைக்காத வீடுகளில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தாய் கர்ப்பத்தில் புகைத்ததற்கும் சொத்தைக்கும் அந்த ஆய்வில் திட்டவட்டமான தொடர்பு தெரியவில்லை. இவை தொடர்புகள்தான், நேரடிக் காரணம் என்று நிரூபணமானவை அல்ல. ஆனால் 'நான் வெளியே போய்த்தானே இழுக்கிறேன்' என்பவர்களுக்கு அந்த ஒன்றரை மடங்கைச் சொல்லியாக வேண்டும்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோபாலபுரம் பக்கத்து வீடுகளில் 'வெளியே' என்றால் பெரும்பாலும் திண்ணைதான். இது பாலக்காட்டுக் கணவாயின் வாய். மார்கழி, தையில் கீழ்க்காற்று அடிக்கும்போது கிழக்கு வாசல் வீட்டின் திண்ணையில் ஊதும் புகை நேரே உள்ளறைக்குப் போய்விடும். ஆனி, ஆடியில் மேல்காற்று, அப்போது புழக்கடைப் புகை அடுப்படிக்குள் வரும். அந்தக் காற்றுக்குப் பயந்து கதவை அடைத்தால் உள்ளே வந்தது வெளியேறாது. அறைக்குள் புகை இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும், அதில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாது. மின்விசிறி அதை அறை முழுவதும் பரப்பும், ஊதுபத்தி அதன்மேல் இன்னொரு புகையைச் சேர்க்கும்.

பிடித்தே தீருவேன் என்பவர் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போகட்டும், காற்று வீட்டிலிருந்து தன் பக்கம் வரும் இடமாகப் பார்த்து நிற்கட்டும். கடைசி இழுப்புக்குப் பிறகும் ஓரிரு நிமிடம் மூச்சில் புகை வரும். பத்து நிமிடம் கழித்து உள்ளே வருவது நல்லது. அதற்கென்று ஒரு சட்டையைக் கொடியில் தனியாகப் போட்டுவைக்கலாம். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, வாய் கொப்பளித்த பிறகு குழந்தையைத் தூக்கலாம். இதெல்லாம் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது.

பொது இடத்தில் புகைப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் 1999இலேயே தடுத்தது. 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் அந்தத் தடை உண்டு. வீட்டு வாசற்படியோடு சட்டம் நின்றுவிடுகிறது. உள்ளே மருமகள் மாமனாரிடம் வாய் திறப்பது லேசில்லை, அந்தப் பாரத்தை அவள் தலையில் வைக்கவும் கூடாது. மாமியாரோ ஆஷா பணியாளரோ சொல்லலாம். "புகை கெடுதல்" என்று பொதுவாகச் சொன்னால் காதில் ஏறாது. "மாமா, இந்த மாசந்தானுங்க பேரப்புள்ளைக்குப் பல்லு உருவாகுது" என்றால் எவ்வளவு பிடிவாதக்காரரும் ஒரு நிமிடம் யோசிப்பார்.

விட நினைப்பவர்களுக்கு 1800-112-356 என்ற இலவச எண் இருக்கிறது. 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கும். பலர் அதைச் சாதாரண சூயிங்கம் போல வேகமாக மென்று, விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்து தூக்கி எறிந்துவிடுகிறார்கள். காரம் ஏறும்வரை மெதுவாக மெல்ல வேண்டும், பிறகு கன்னத்தில் ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம், மொத்தம் அரை மணி நேரம். டீ, காபி குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் வாய் அந்த மருந்தைச் சரியாக உறிஞ்சாது. டீயும் பீடியும் சேர்ந்தே பழகிய ஆட்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

கர்ப்பிணிக்கு 14ஆம் வாரத்திலிருந்து தரும் கால்சியம் மாத்திரை தினம் இரண்டு வேளை, 500 மில்லிகிராம் வீதம். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடலில் சரியாகச் சேராது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். ஆனால் கால்சியம் சாப்பிடுவதால் புகையின் பாதிப்பு ஈடாகிவிடாது.

பல் முளைத்ததும் மாதம் ஒருமுறை குழந்தையை மடியில் மல்லாத்தி, மேலுதட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீட்டியது போல வெள்ளைக் கோடு இருந்தால் அது சொத்தையின் தொடக்கம், அந்த நிலையில் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசி நிறுத்திவிட முடியும். இடது வலது இரண்டு பற்களிலும் ஒரே உயரத்தில் குழியோ குறுக்குப் பள்ளமோ இருந்தால், எனாமல் உருவாகும்போதே விழுந்த குறை. சித்தூர் வட்டாரத்தில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இங்கே பல ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு அதிகம், அந்தக் கறை நிரந்தரப் பற்களில்தான் கூடுதலாகத் தெரியும். அதைப் புகையின் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

முதல் பல்லிலிருந்தே அரிசி மணி அளவு ஃப்ளோரைடு பற்பசை போதும், மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு. ஒரு வயதுக்குள் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். போகும்போது தாய் சேய் அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள். பிறந்த எடை, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, வீட்டில் குடிப்பது எந்தத் தண்ணீர், யார் எங்கே புகைக்கிறார்கள் என்ற நாலையும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.